சிவப்பு டேப் ஒட்டாத நாள்

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது சிந்துஜாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் எட்டு வருடம் வேலை செய்த கணினி திருத்தும் கடையில், இப்போது என் கதிரையில் இருப்பவள் அவள்.

“அக்கா, கொக்குவிலிலை ஒரு வீடு. பழைய எக்ஸ்பி மெஷின் ஒண்டு, புது லெப்டொப் ஒண்டு. ரெண்டையும் கொழுவி, பழசிலை இருக்கிற ஃபைலுகளைப் புதுசுக்கு எடுக்கோணுமாம். நாளைக்குப் போறன். நானாட்டைக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லுறார். ஏன் அக்கா அவர் அப்பிடிச் சொன்னவர்?”

பதிலை மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். வழிமுறை நீளமானதில்லை, ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆனால் கடை முதலாளி நானா ஏன் என்னைக் கேட்கச் சொன்னார் என்பதற்கு ஒரு பக்கம் போதாது. தெல்லிப்பழை வீட்டைப் பற்றிச் சொல்லாமல் வழிமுறையை மட்டும் அனுப்பினால், அதில் ஏதோ ஒரு வரியைத் தேவையில்லை என்று அவள் விட்டுவிடக் கூடும். நானும் ஒரு வரியைத்தான் விட்டேன். ஆகவே மகள் நித்திரையான நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். இடையிடையே எழும்பிப் போய் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். பதினான்கு மாதப் பிள்ளை, தடிமன் சளிகூட இல்லை. என்றாலும் பார்க்கிறேன்.

அவள் பிறக்க ஒரு மாதம் இருக்கையில் வேலையை விட்டேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். திரும்பிப் போவேனா என்று எனக்கே தெரியாது. கேட்கிறவர்களுக்குப் ‘பார்ப்பம்’ என்கிறேன்.

தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தேன். கடையில் முதல் ஆறு மாதம் தூசி தட்டினேன், பல்லி முட்டையிட்ட பெட்டிகளைத் துடைத்தேன், மற்றவர்கள் கழற்றிய திருகாணிகளைப் பொறுக்கினேன். வேலை பழகியது அதற்குப் பிறகுதான்.

கடை முதலாளியின் பெயர் ரஹீம். எல்லோருக்கும் அவர் நானா. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் பிறந்து, எட்டு வயதில் தன் சனங்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ரேடியோ திருத்தப் பழகி, பிறகு திரும்பி வந்து பலாலி வீதியில் கடை போட்டவர். அந்தக் காலத்தைப் பற்றி அவர் கடையில் கதைத்து நான் கேட்டதில்லை.

அவருடைய வேலைமுறை ஆரம்பத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. எதைச் செய்வதானாலும் முதலில் வாயால் சொல்ல வேண்டும். “இப்ப வயரைக் கழட்டுறன்.” “இப்ப இந்த ஃபோல்டரைக் கொப்பி பண்ணுறன்.” சொன்ன பிறகுதான் கை போகலாம். மெஷினின் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒருநாள் வாழைக்குலை வியாபாரி ஒருவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன நானா, பிள்ளை மந்திரம் சொல்லுது?” என்று கேட்டார்.

“உங்கடை மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு, அதுதான்” என்றார் நானா, தலையை நிமிர்த்தாமல்.

அடுத்தது குறிப்புக் கொப்பி. செய்யப்போகும் படிகளை முன்னரே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் முடிந்த பின் சரி போட வேண்டும். எனக்கு எழுத்து வேலை பிடிக்கும் என்பதால் அது சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததால்தான் பிறகு பிழை விட்டேனோ என்றும் யோசிப்பதுண்டு.

மூன்றாவது டேப். பழைய மெஷினையும் புதிய மெஷினையும் வயரால் இணைத்த பிறகு, புதிய மெஷினின் திரையில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துத்தான் வேலை செய்வோம். ஒன்றில் பழைய மெஷினின் ஃபோல்டர் தெரியும். மற்றதில் புதியதின் ஃபோல்டர் தெரியும். பெயரும் ஒன்று, உள்ளே இருப்பதும் ஒன்று. பழையதைக் காட்டும் பாதியில், திரையின் மேல்விளிம்பில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்ட வேண்டும். டேப்புக்குக் கீழே பார்க்கலாம், எடுக்கலாம், அழிக்கக் கூடாது. ஜன்னல் இடம் மாறினால் டேப்பும் இடம் மாற வேண்டும்.

சின்னப்பிள்ளை வேலை என்று நினைத்தேன். ஆனாலும் நாலு வருடம் தவறாமல் ஒட்டினேன்.

தெல்லிப்பழையிலிருந்து அழைத்தவர் பரமேஸ்வரி அம்மா. அவருடைய கணவர் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற காலம் முழுவதும் அந்த ஐயா தன் பழைய மெஷினில் குடும்ப வரலாறு ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகத்தில் அதை அப்படியே அச்சடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அச்சகத்துக்கு நான்கு நாளில் கொடுக்க வேண்டும். கனடாவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்த மகள் வத்சலா தன் புது லெப்டொப்பை விட்டுவிட்டு, யாழ்ப்பாணம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்.

வழமையில் இப்படியான பழைய மெஷினின் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விடுவோம். அம்மா விடவில்லை. “முப்பத்தொண்டு முடியுமட்டும் அவரின்ரை சாமான் ஒண்டையும் கழட்ட வேண்டாம் பிள்ளை. வைச்ச இடத்திலை கிடக்கட்டும்.” பென்டிரைவ் செருகும் துளைகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. மிஞ்சியது வயர் மட்டும்தான்.

சிந்துஜா, நீ கேட்ட வழிமுறை இதுதான். இரண்டு மெஷினையும் வீட்டு ரவுட்டரில் வயரால் கொழுவு. வெளியே இருந்து இன்டர்நெட் வரும் வயரைக் கழற்றிவிடு. இரண்டுக்கும் ஒரே வேர்க்குரூப் பெயர் கொடு. முகவரியை நீயே கொடு, பழையதுக்குப் பத்தில் முடிவது, புதியதுக்கு இருபதில் முடிவது. ஒன்றிலிருந்து மற்றதை பிங் பண்ணிப் பார். பதில் வந்தும் ஃபோல்டர் தெரியாவிட்டால் பயப்படாதே. பழைய எக்ஸ்பி கதைக்கும் பகிர்வு முறையைப் புதிய விண்டோஸ் பாதுகாப்பில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறது. எஸ்எம்பி ஒன்று என்று பெயர். புதியதில் அதைத் திறந்து, ஒரு தரம் நிறுத்தி எழுப்பு. வேலை முடிந்ததும் அதை மூட வேண்டும், மூடிய பின்தான் இன்டர்நெட் வயரைத் திரும்பக் கொழுவ வேண்டும். பழையதில் ஃபோல்டரைப் பகிரும்போது, ‘மற்றவர்கள் என் ஃபைல்களை மாற்றலாம்’ என்ற பெட்டிக்குச் சரி போடாதே.

நான் போட்டேன். டவுனுக்குப் போகமுதல் வத்சலா, “செத்தவீட்டுப் படங்களையும் அப்பான்ரை மெஷினிலை போட்டுவிடுங்கோ தங்கச்சி, அங்கையும் கிடக்கட்டும்” என்று கேட்டிருந்தார். மறுக்க மனம் வரவில்லை.

பழைய மெஷினில் ‘ஐயா’ என்ற ஃபோல்டர். நாற்பத்தாறு ஃபைல்கள். குடும்ப வரலாறு அறுபத்தொரு பக்கம். கொப்பியில் குறித்தேன். லெப்டொப்பில் இரண்டு ஜன்னல்களையும் அந்தந்த மெஷினின் முகவரி கொடுத்துத் திறந்து, பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்தேன்.

அம்மா எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பல வருடம் குங்குமம் வைத்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. இருபது நாளைக்கு முன்னர்தான் அதை அழித்திருக்கிறார்கள். அவருடைய முகத்துக்கு நேரே, திரையில், ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பை ஒட்ட என் கை போகவில்லை. யாராவது கேள்விப்பட்டால், செத்தவீட்டுத் துடக்கு கழியாத வீட்டில் இப்படிச் செய்தாள் பெட்டை என்று சொல்லமாட்டார்களா? டேப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வலது பக்கம் பழையது, இடது பக்கம் புதியது என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன். கொப்பியில் ‘டேப்’ என்ற வரிக்குச் சரியும் போட்டேன். வெறும் வரி கண்ணுக்கு உறுத்தியது.

ஃபைல்கள் புதியதுக்குப் போகத் தொடங்கின. பாதியில் கரண்ட் நின்றது. லெப்டொப் பற்றரியில் ஓடியது, பழைய மெஷினும் ரவுட்டரும் செத்துப் போயின. அம்மா பிளேன்ரீ கொண்டு வந்தார். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. பழைய மெஷின் முனகிக்கொண்டு எழும்ப, நான் ஜன்னல்களைத் திரும்பத் திறந்தேன். இம்முறை பழையது இடது பக்கம் வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

பாதியில் நின்ற நகலை வைத்திருக்காதே, அழித்துவிட்டு முதலிலிருந்து எடு என்பது நானாவின் சட்டம். “புதுசிலை இருக்கிற பாதியை அழிக்கிறன்” என்று வாயால் சொன்னேன். வாய் சரியாகத்தான் சொன்னது. இடது பக்கம் முழுவதையும் தெரிவு செய்து அழித்தேன். ‘நிரந்தரமாக அழிக்கவா?’ என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு ஆம் சொல்லிப் பழகிய விரல், கண் வாசிக்க முதல் அமத்திவிட்டது.

வலது பக்கத்தில் இருபத்தொன்பது ஃபைல்கள் அப்படியே இருந்தன. இடது பக்கம் வெறுமை. வலது பக்கத்து முகவரியைப் பார்த்தேன். இருபது. இடது பக்கத்து முகவரியைப் பார்த்தேன். பத்து.

வயர் வழியாக அழித்தது எந்த மெஷினின் குப்பைக்கூடைக்கும் போகாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பழைய மெஷினுக்கு முன்னால் போய் இருந்து குப்பைக்கூடையைத் திறந்தேன். தேடல் போட்டேன். இன்னொரு தரம் தேடல் போட்டேன். மற்ற ஃபோல்டர்களைத் திறந்து திறந்து பார்த்தேன். லெப்டொப்பில் இருந்த குடும்ப வரலாற்றைத் திறந்தேன், அது பாதியில் நின்றது, திறக்கவில்லை. அம்மா, “எல்லாம் சரியோ பிள்ளை?” என்று கேட்டார். “ஓம் அம்மா, கொஞ்சம் சுணங்கும்” என்றேன். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் நானாவுக்கு அழைத்தேன்.

“எப்ப நடந்தது?” என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

“இப்பத்தான் நானா.”

“பழசு ஓடிக்கொண்டிருக்கோ?”

“ஓம்.”

“ஷட் டவுண் பண்ணாதை. சுவரிலை இருந்து வயரைப் பிடுங்கு. பிடுங்கிப்போட்டு அம்மாட்டைச் சொல்லு.”

“என்னெண்டு சொல்ல?”

“நடந்ததை.”

வயரைப் பிடுங்கினேன். அம்மாவிடம் சொன்னேன். எந்தச் சொல்லில் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. அழுதது ஞாபகம் இருக்கிறது. அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் இருந்தால் உமக்கு நல்லா ஏசியிருப்பார்” என்றார் கடைசியாக. பிறகு, “எனக்கு ஏசத் தெரியாது. இப்ப என்ன செய்யோணும்?”

“டிஸ்க்கைக் கழட்டோணும் அம்மா. கடைக்குக் கொண்டு போகோணும். சொந்தக்காரர் பக்கத்திலை இருக்கோணும் எண்டு நானா சொல்லுவார்.”

“முப்பத்தொண்டு முடியாமல் நான் படலை தாண்டுறதில்லை.”

நானாவுக்குத் திரும்பவும் அழைத்தேன். அவர் வேலைக்காக எந்த வீட்டுக்கும் போகிறவரில்லை. ஒரு மணித்தியாலத்தில் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார், கைகளைக் கழுவினார், அம்மாவிடம் கேட்டார்.

“அம்மா, கழட்டட்டோ?”

“கழட்டுங்கோ தம்பி. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

ஒவ்வொரு திருகாணிக்கும் அவர் வாயால் சொன்னார். “இப்ப மூடியைக் கழட்டுறன் அம்மா. இப்ப டிஸ்க்கை எடுக்கிறன்.” அம்மா ஒவ்வொன்றுக்கும் “ஓம்” சொன்னார். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதபடி, தான் கொண்டுவந்த கடை மெஷினில் கொழுவி, அழிந்ததைத் தேட விட்டார். மூன்று மணித்தியாலம் எடுத்தது. இடையில் அவர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

“டேப்புக்குச் சரி போட்டிருக்கிறாய். டேப்பைக் காணேல்லை.”

அம்மா தேநீர் போடக் குசினிக்குள் போயிருந்தார். குரலைத் தாழ்த்திக் காரணத்தைச் சொன்னேன். நானா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சிவப்புத்தான் வேணுமெண்டு நான் எப்ப சொன்னனான்? கடையிலை சிவப்புத்தான் மிஞ்சிக் கிடந்தது. நீலத்தை ஒட்டியிருக்கலாமே.”

நாலு வருடத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

நாற்பத்தைந்து ஃபைல்கள் முழுதாக வந்தன. குடும்ப வரலாறு மட்டும் கோளாறு. எழுத்துகளைத் தனியாகப் பிரித்தெடுத்ததில் ஐம்பத்தேழு பக்கம் கிடைத்தது, அதன் பிறகு வெறும் கட்டங்கள். பழைய பாமினி எழுத்துருவை லெப்டொப்பில் போட்டபின் தமிழ் தெரிந்தது. கடைசி வரியை நானா வாய்விட்டு வாசித்தார்.

“‘அன்று பின்னேரம் ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு.’ அவ்வளவுதான் அம்மா. இதுக்குப் பிறகு இல்லை.”

நானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பூட்ட நேரம் இருந்ததோ அம்மா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“ஏன் தம்பி?”

“நாங்கள் சோனகதெரு. எங்களுக்குப் பூட்டவும் விடேல்லை.”

அம்மா அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்ததுபோல் இருந்தது. “பூட்டினதும் ஒண்டுதான் தம்பி” என்றார். “இருபது வருஷம் கழிச்சு வந்து பாக்கேக்கை கதவே இல்லை. பூட்டிக்கொண்டு போன திறப்பு மட்டும் இவரிட்டைக் கிடந்தது.”

பின்னேரம் வத்சலா வந்தார். அவருக்கும் நானே சொன்னேன். அவர் ஏசினார், அது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. பிறகு, “வசனம் பாதியிலை நிக்குது அம்மா, சனம் சிரிக்கும். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்” என்றார். அம்மா மறுத்துவிட்டார்.

“எனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சது. அவர் எழுதினது வேறை. நாலு பக்கத்தையும் வெறுமையா விடச் சொல்லு.”

அப்படியே அச்சடித்தார்கள். அந்தியேட்டி முடிந்து ஒரு கிழமையில் எனக்கும் ஒரு பிரதி கடைக்கு வந்தது. ஐம்பத்தேழாம் பக்கத்தின் அடியில் ‘பூட்டிக்கொண்டு’ என்று நிற்கிறது. பிறகு நாலு வெள்ளைப் பக்கம். அதைக் கொண்டுவந்து என் அலுமாரியில் வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தரம் அம்மா என்னை அழைத்தார். சுகம் விசாரித்தார். பிறகு கேட்டார், “பிள்ளை, நீர் பிழை விட்டது ஒரு நிமிஷம்தானே. மற்றதெல்லாம் வந்தது, அந்த நாலு பக்கம் மட்டும் ஏன் போனது?”

“சொல்லத் தெரியேல்லை அம்மா” என்றேன்.

தெரியும். அழிந்த ஃபைல் உடனே இல்லாமல் போவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். நான் பழைய மெஷினில் தேடித் தேடித் திறந்த பன்னிரண்டு நிமிடமும் அந்த டிஸ்க் ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. அந்த நாலு பக்கம் அப்போது போயிருக்கலாம். கரண்ட் நின்றபோதே பழுதாகியிருக்கவும் கூடும். நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் ‘எப்ப நடந்தது’ என்று நானா கேட்டபோது ‘இப்பத்தான்’ என்றேன். இன்றுவரை அதை நான் திருத்தவில்லை. ஐந்து வருடம் ஆகிறது. நானா, சிந்துஜா காட்டி நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும். மகளுக்கு இந்த மாத ஊசி முடியட்டும் என்று தள்ளுகிறேன். அதுவும் இன்னொரு பன்னிரண்டு நிமிடம்தானோ தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இரண்டு வரியை மட்டும் அன்று சிந்துஜாவுக்கு முதலில் அனுப்பினேன். ‘எந்த நிறமெண்டாலும் பரவாயில்லை, டேப்பை ஒட்டு. பிழை விட்டால் யோசிக்காமல் வயரைப் பிடுங்கிப்போட்டு, எத்தனை மணிக்கு நடந்தது எண்டு உள்ளதைச் சொல்லு.’ மிச்சத்தைப் பின்னால் அனுப்பினேன்.

நேற்று முற்பகல் கொக்குவில் வீட்டிலிருந்து ஒரு படம் வந்தது. லெப்டொப் திரை, இரண்டு ஜன்னல்கள், இடது பக்க மேல்விளிம்பில் ஒரு துண்டு நீல டேப். ‘சரியோ அக்கா?’ என்று கீழே எழுதியிருந்தாள்.

மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றாள். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் படத்தைப் பெரிதாக்கினேன். டேப்புக்குக் கீழே இருந்த முகவரியை வாசித்தேன். பத்து. வலது பக்கத்தை வாசித்தேன். இருபது. படத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, இடது பக்கத்தை இன்னொரு தரம் வாசித்தேன். இம்முறை வாயால்.

பிறகு ‘ஓம்’ என்று அனுப்பினேன்.